ஹோமுக்குப் போகாத ஸ்டெப்பர் மோட்டார்: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

சிங்கப்பூரின் துவாஸிலும் உட்லண்ட்ஸிலும் ஒரே பட்டறைக்குள் ஜப்பானிய இயந்திரமும் ஐரோப்பிய இயந்திரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பெரும்பாலும் முன்னதில் சென்சார் என்பிஎன் வகை (தூண்டினால் சிக்னலை 0 வோல்ட்டுக்கு இழுக்கும்), பின்னதில் பிஎன்பி வகை (சிக்னலில் 24 வோல்ட் தரும்). ஒன்றின் உதிரியை மற்றதில் போட்டால் ஹோமிங், அதாவது அச்சு தன் 0 நிலையைச் சென்சாரால் தேடிப் பிடிப்பது, நின்றுவிடும். உடனே மோட்டார் போச்சு, டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எதையும் கழற்றுவதற்கு முன் அறிகுறியை எழுதுங்கள்: என்ன நடக்கிறது, எந்தப் பக்கம், எத்தனை மி.மீ. பிழை. பாதி விடை அந்த எண்ணிலேயே கிடைத்துவிடும்.

கீழே வரும் கணக்குகள் ஓர் எடுத்துக்காட்டு அமைப்புக்கானவை: சுற்றுக்கு 200 முழு ஸ்டெப் எடுக்கும் 1.8° மோட்டார், சுற்றுக்கு 1600 பல்ஸ் என்று வைத்த டிரைவர், 5 மி.மீ. லீட் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள பால் ஸ்க்ரூ. ஆக 1 மி.மீ. நகர 320 பல்ஸ். ஒரு முழு ஸ்டெப் 0.025 மி.மீ. உங்கள் இயந்திரத்தில் லீட் 10 என்றால் ஸ்டெப்பிலிருந்தும் சுற்றிலிருந்தும் வரும் மி.மீ. அளவுகளை இரட்டித்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

டிரைவரில் கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கூடாது. காயிலில் ஓடும் கரண்ட் சட்டென அறுபடும்போது எழும் மின்னழுத்தம் டிரைவரின் வெளியீட்டைப் பொசுக்கிவிடும். மெயினை அணைத்து, டிரைவரின் விளக்கு முழுதாக அணையும்வரை காத்திருந்து கழற்றுங்கள். செங்குத்து அச்சு என்றால் அதற்கும் முன்பாக அடியில் மரக்கட்டை கொடுங்கள்; கரண்ட் போனதும் ஸ்டெப்பர் பிடியை விட்டுவிடும், பாரம் கீழே இறங்கும்.

டிரைவரின் செட்டிங்குக்கான டிப் சுவிட்சுகளையும் டெர்மினல்களையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர், அரை வாட் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர், கால் வாட் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ், பெயிண்ட் மார்க்கர் போதும். ரெசிஸ்டரும் ஸ்லாட் சென்சாரும் சிம் லிம் டவரில் ஒற்றையாகவே வாங்கலாம்.

அறிகுறி 1: ஹோம் கொடுத்தால் அசைவே இல்லை

முதலில் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். இங்கேயே வழி இரண்டாகப் பிரிகிறது.

*ஷாஃப்ட் லேசாகத் திரும்பினால்* மோட்டாரில் கரண்ட் இல்லை. டிரைவரின் பவர் விளக்கையும் ஃபியூஸையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் எனேபிள் வயர். பல டிரைவர்களில் எனேபிள் உள்ளீட்டுக்குக் கரண்ட் கொடுத்தால்தான் மோட்டார் விடுபடும். ஒன்றும் இணைக்காமல் விட்டால் மோட்டார் பூட்டிக்கொள்ளும். பெயரை நம்பி 24 வோல்ட் கொடுத்துவிட்டு மோட்டார் கெட்டது என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. எனேபிள் வயரைக் கழற்றுங்கள். மோட்டார் பூட்டிக்கொண்டால் கன்ட்ரோலர் செட்டிங்கில் அந்த வெளியீட்டைத் தலைகீழாக்கினால் வேலை முடிந்தது.

*ஷாஃப்ட் இறுகி நின்றால்* டிரைவர் கரண்ட் கொடுக்கிறது, பெரும்பாலும் பல்ஸ்தான் வரவில்லை. கன்ட்ரோலரின் திரையில் லிமிட் அலாரம் இருக்கிறதா? லிமிட் உள்ளீடுகளை நார்மலி குளோஸ்டாக வைப்பதுதான் முறை, வயர் அறுந்தாலும் அச்சு நிற்க வேண்டும் என்பதற்காக. அதனால் லிமிட் கனெக்டர் தளர்ந்தாலே ஹோமிங் தொடங்காது.

அலாரம் இல்லையென்றால் மெதுவாக ஜாக் செய்து (பொத்தானை அழுத்தி ஓட்டி) டிரைவரின் பல்ஸ்+, பல்ஸ்- இடையே டிசி வோல்ட் அளவுங்கள். நிற்கும்போது ஓர் அளவும் ஓடும்போது வேறோர் அளவும் காட்டினால் பல்ஸ் டிரைவர்வரை வருகிறது. மாறவே இல்லையென்றால் பின்னோக்கிப் போங்கள். கன்ட்ரோலர் பிஎல்சி (புரோகிராம் செய்யக்கூடிய கட்டுப்பாட்டுப் பெட்டி) என்றால் அதன் வெளியீடு ரிலே வகையா? ரிலேயால் இந்த வேகத்துக்குப் பல்ஸ் போட முடியாது. டிரான்சிஸ்டர் வெளியீடு வேண்டும்.

அடுத்தது இணைப்பு முறை. வெளியீடு சிங்க் வகை (0 வோல்ட்டுக்கு இழுப்பது) என்றால் +24 வோல்ட்டிலிருந்து 2 கிலோ ஓம் வழியாகப் பல்ஸ்+, வெளியீட்டிலிருந்து பல்ஸ்-, வெளியீட்டின் காமன் 0 வோல்ட்டுக்கு. சோர்ஸ் வகை (24 வோல்ட் தருவது) என்றால் வெளியீட்டிலிருந்து 2 கிலோ ஓம் வழியாகப் பல்ஸ்+, பல்ஸ்- 0 வோல்ட்டுக்கு. லைன் டிரைவர் வெளியீடு 5 வோல்ட் என்பதால் ரெசிஸ்டர் இல்லாமல் நேராக. டைரக்ஷனுக்கும் இதே கணக்கு, தனி ரெசிஸ்டர்.

ரெசிஸ்டரைத் தவறாகப் போட்டால் வரும் இரண்டு தொல்லைகளும் வேறு வேறு. 5 வோல்ட் உள்ளீட்டுக்கு 24 வோல்ட்டை ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியால் கடத்தும் பாகம்) எரிந்துபோகும். 5 வோல்ட் கன்ட்ரோலருக்கு 2 கிலோ ஓம் போட்டால் கரண்ட் ஒன்றரை மில்லி ஆம்பியருக்கு இறங்கி, சில பல்ஸ் போகும், சில போகாது. சில புதிய டிரைவர்களில் 5/24 வோல்ட் தேர்வு சுவிட்ச் இருக்கும். அதை 24-இல் வைத்தால் வெளி ரெசிஸ்டர் வேண்டாம்.

வோல்ட் சரியாக மாறியும் மோட்டார் அசையவில்லை என்றால் ஆப்டோகப்ளர் போயிருக்கலாம். அப்போதுதான் வேறொரு டிரைவரைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அறிகுறி 2: மோட்டார் உறுமுகிறது, நடுங்குகிறது, சுற்றுவதில்லை

காயில் ஜோடி மாறிவிட்டது என்பதுதான் முதல் சந்தேகம். வயர் நிறத்தை நம்பாதீர்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மெயினை அணைத்து, மோட்டாரின் நான்கு வயரையும் கழற்றி அளவுங்கள். ஒரே காயிலின் இரண்டு முனைகளுக்கிடையே சில ஓம் காட்டும். வேறு காயில் என்றால் தொடர்பே இருக்காது. மீட்டர் இல்லாவிட்டால் இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கி ஷாஃப்ட்டைத் திருப்புங்கள். திடீரென்று இறுகினால் அவை ஒரு ஜோடி.

இரண்டு காயிலும் ஒரே அளவு ஓம் காட்ட வேண்டும். ஒன்று திறந்திருந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள், குறிப்பாகக் கேபிள் செயினுக்குள் வளையும் இடத்தை. மோட்டாரின் சொந்த வயரில் நேராக அளந்தும் திறந்தே இருந்தால் மோட்டாரை மாற்றத்தான் வேண்டும்.

ஜோடி சரியாக இருந்து, மெதுவாக ஜாக் செய்தால் சுற்றி, ஹோம் வேகத்தில் மட்டும் உறுமினால் முடுக்க நேரத்தைக் கூட்டுங்கள். இதற்கு நேர்மாறாக, மெதுவாகப் போகும்போது மட்டும் நடுங்குவதும் உண்டு. ஹோமிங்கின் கடைசிக் கட்டமான கிரீப் வேகம் 2 மி.மீ./வினாடி என்றால் நொடிக்கு 80 முழு ஸ்டெப். ஸ்டெப்பர் தானாக அதிரும் வேகப்பகுதி அது. டிரைவர் முழு ஸ்டெப்பில் வைக்கப்பட்டிருந்தால் 8 மைக்ரோஸ்டெப்புக்கு மாற்றுங்கள், அடங்கிவிடும். அதோடு கன்ட்ரோலரில் சுற்றுக்கு எத்தனை பல்ஸ் என்பதையும் மாற்ற மறக்க வேண்டாம்.

அறிகுறி 3: எதிர்த் திசையில் ஓடி முட்டுகிறது

திசையை மாற்ற ஒரே ஒரு காயிலின் இரண்டு வயரை இடம் மாற்றுங்கள். இரண்டு காயிலையும் மாற்றினால் பழைய திசையே திரும்ப வரும். கன்ட்ரோலரின் செட்டிங்கிலும் மாற்றலாம், ஆனால் இரண்டிலும் மாற்றிவிட்டுக் குழம்பாதீர்கள்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. திசை தலைகீழாக இருக்கும்போது பல கன்ட்ரோலர்களில் லிமிட் சுவிட்ச் காப்பாற்றாது. பிளஸ் பக்கம் பல்ஸ் போடும் கன்ட்ரோலர் பிளஸ் லிமிட்டை மட்டும் கவனிக்கும். மேசையோ மைனஸ் லிமிட்டைத் தாண்டி இரும்பில் முட்டும். ஆகவே புதிதாக வயரிங் செய்ததும் முதல் சோதனை ஹோமிங் அல்ல. மேசையை நடுவில் வைத்து மெதுவாகப் பிளஸ் ஜாக் கொடுங்கள். ஓடும்போதே, நகரும் பாகத்தின் அருகே கையைக் கொண்டுபோகாமல், பிளஸ் லிமிட் சென்சாரை ஒரு நீளமான எஃகு ஸ்கேலால் தூண்டுங்கள். மேசை பிளஸ் லிமிட் பக்கம் போய்க்கொண்டிருந்து, தூண்டியதும் நின்றால் சரி. மைனஸுக்கும் அப்படியே.

*பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் ஒரே திசையில் ஓடினால்* டைரக்ஷன் சிக்னல் வரவில்லை: வயர் அறுந்திருக்கும் அல்லது ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கும். *ஒரு பக்கம் ஓடி, மறுபக்கம் அசையவே இல்லை என்றால்* வயரிங்கைத் தொட வேண்டாம். கன்ட்ரோலர் இரட்டைப் பல்ஸ் முறையிலும் டிரைவர் பல்ஸ்-டைரக்ஷன் முறையிலும் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

அறிகுறி 4: சென்சாரைத் தாண்டிப் போகிறது

சென்சாரின் விளக்கையும் கன்ட்ரோலரின் உள்ளீட்டு விளக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

*சென்சார் விளக்கே மாறவில்லை:* இடைவெளிதான் பெரும்பாலும். இண்டக்டிவ் சென்சாரில் எழுதியிருக்கும் தூரம் இரும்புக்கு. டாக் தகடு (சென்சாரைத் தூண்டும் தகடு) அலுமினியம் என்றால் அதில் பாதிகூடத் தேறாது, ஸ்டெயின்லெஸ் என்றாலும் குறையும். இரும்புத் தகடு போட்டு, எழுதிய தூரத்தில் 80 விழுக்காட்டுக்குள் வையுங்கள். ஸ்லாட் சென்சாரில் பிளவுக்குள் தூசும் எண்ணெயும் படியும். வார இறுதியில் குளிர்சாதனம் அணைக்கப்பட்டு, ஈரம் ஏறி, திங்கள் காலையில் மட்டும் வரும் பிழைக்கு லென்ஸில் படியும் பனிப்படலமும் காரணமாகலாம். பஞ்சு உதிராத துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

*சென்சார் விளக்கு மாறுகிறது, உள்ளீட்டு விளக்கு மாறவில்லை:* பழுப்பு +24 வோல்ட், நீலம் 0 வோல்ட், கறுப்பு சிக்னல். கறுப்புக்கும் நீலத்துக்கும் இடையே அளவுங்கள். பிஎன்பி தூண்டப்பட்டால் 24-ஐ ஒட்டிக் காட்டும். என்பிஎன் தூண்டப்பட்டால் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். ஆனால் அதைத் தனியாக அளந்தால், தூண்டாத நேரத்தில் மீட்டர் மிதக்கும் எண்ணைக் காட்டி ஏமாற்றும். பழுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 10 கிலோ ஓம் வைத்து அளவுங்கள்.

வகை தெரிந்ததும் உள்ளீட்டை அதற்கேற்ப மாற்றுங்கள். எஸ்/எஸ் டெர்மினல் உள்ள பிஎல்சிகளில், மிட்சுபிஷியின் எஃப்எக்ஸ்3 வரிசை போன்றவற்றில், எஸ்/எஸ்-ஐ 24 வோல்ட்டோடு இணைத்தால் என்பிஎன் சென்சாருக்கும் 0 வோல்ட்டோடு இணைத்தால் பிஎன்பி சென்சாருக்கும் பொருந்தும். எஸ்/எஸ் எல்லா உள்ளீட்டுக்கும் பொது, ஆகவே ஒன்றுக்காக மாற்றினால் மற்றவை நின்றுபோகும். அப்போது சரியான வகை சென்சாரை வாங்குங்கள். நடுவில் ஒரு சின்ன ரிலே வைத்துச் சமாளிப்பது கதவு சென்சாருக்குச் சரி. ஹோமுக்குக் கூடாது, ரிலே மூடும் நேரம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும், அது அப்படியே மி.மீ. பிழையாக வெளியே வரும்.

சென்சாருக்குத் தனி 24 வோல்ட் சப்ளை என்றால் அதன் 0 வோல்ட்டும் கன்ட்ரோலரின் 0 வோல்ட்டும் சேர்ந்திருக்க வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

*இரண்டு விளக்கும் மாறுகின்றன, அச்சு நிற்கவில்லை:* டாக் தகடு குட்டையாக இருக்கிறது. 50 மி.மீ./வினாடி வேகத்திலிருந்து 0.2 வினாடியில் வேகம் குறைய 5 மி.மீ. தேவை, உள்ளீட்டு வடிகட்டி 10 மில்லிவினாடி என்றால் இன்னொரு அரை மி.மீ. தேவை. வேகம் குறைவதற்குள் டாக் முடிந்துவிட்டால் கிரீப் வேகத்துக்கு இடமே இல்லை. இந்த வேகத்துக்கு 10 மி.மீ. தகடு வையுங்கள், அல்லது ஹோம் வேகத்தைக் குறையுங்கள்.

*ஏற்கெனவே டாக்கின் மேல் நிற்கும்போது மட்டும் கோளாறு:* வயரிங் குற்றமில்லை. எஃப்எக்ஸ்3யு-வின் இசட்ஆர்என் கட்டளை டாக்கைத் தேடித் திரும்பாது, டிஎஸ்இசட்ஆர் தேடும். பழைய புரோகிராம் என்றால் ஹோமுக்கு முன் டாக்கை விட்டு வெளியே ஜாக் செய்யும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

அறிகுறி 5: சென்சாரே இல்லாத இடத்தில் நின்று, ஹோம் முடிந்தது என்கிறது

சென்சார் கேபிள் கேபிள் செயினுக்குள் அறுந்து அறுந்து சேர்கிறதா என்று முதலில் பாருங்கள். அச்சை நிறுத்திவிட்டுச் செயினைக் கையால் வளைத்தாலே உள்ளீட்டு விளக்கு மினுக்கும். அது இல்லையென்றால் மின் இரைச்சல். பக்கத்து இன்வர்ட்டரை (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) அணைத்து, சோலினாய்டு கனெக்டரைக் கழற்றிவிட்டு 10 முறை ஹோம் கொடுங்கள். பிழை மறைந்தால் யார் என்று தெரிந்துவிட்டது. டிசி சோலினாய்டு என்றால் காயிலின் குறுக்கே டையோடு. இன்வர்ட்டர் என்றால் சென்சார் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து 200 மி.மீ. தள்ளுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்கோணத்தில் கடக்க விடுங்கள், சென்சார் ஷீல்டைக் கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். உள்ளீட்டு வடிகட்டியைக் கூட்டுவதைக் கடைசியாக வையுங்கள். நோய் அப்படியே இருக்கும், அறிகுறி மட்டும் மறையும்.

அறிகுறி 6: ஹோம் ஆகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு இடம்

அதிகம் பேரைக் களைக்கவைப்பது இதுதான். தவறான உதிரிகளை அதிகம் வாங்கவைப்பதும் இதுதான். காரணம், இரண்டு வேறு கோளாறுகள் இந்த ஒரே அறிகுறியில் வந்து நிற்கின்றன: ஹோம் புள்ளியே ஆடலாம், ஹோம் சரியாக இருந்து, ஓட்டத்தில் ஸ்டெப் தவறலாம்.

பிரிக்கும் வழி இது. டயல் கேஜை மேசைக்கு எதிரே நிறுத்தி, ஹோம் செய்து 0 வையுங்கள். வழக்கமான வேலையை 20 சுற்று ஓட்டுங்கள். பிறகு ஹோம் கொடுக்காமல், 0 நிலைக்குப் போகச் சொல்லி டயலைப் படியுங்கள். இப்போது ஹோம் கொடுத்து இன்னொரு முறை படியுங்கள். முதல் எண் தள்ளி, இரண்டாம் எண் 0-க்குத் திரும்பினால் ஸ்டெப் தவறுகிறது, அறிகுறி 7-க்குப் போங்கள். முதல் எண் 0, இரண்டாம் எண் தள்ளினால் ஹோம் ஆடுகிறது. அப்போது 10 முறை ஹோம் மட்டும் செய்து பத்து எண்ணையும் எழுதுங்கள்.

*0.01 முதல் 0.2 வரை சிதறினால்:* கிரீப் வேகம் அதிகம். வடிகட்டியின் தாமதம் ஒரே அளவாக இருப்பதால் ஹோமை ஒரு பக்கம் தள்ளும், ஆட்டாது. ஆட்டுவது ஸ்கேன் நேரம், அதாவது புரோகிராம் ஒரு முறை முழுதாக ஓடும் நேரம். உள்ளீட்டை புரோகிராம் ஸ்கேனில் படிக்கும் அமைப்பில் ஸ்கேன் 8 மில்லிவினாடி என்றால், 20 மி.மீ./வினாடி கிரீப்பில் சிதறல் 0.16 மி.மீ. வரை போகும், 2 மி.மீ./வினாடியில் 0.016. டாக்கை ஸ்கேனுக்குக் காத்திராத இன்டரப்ட் உள்ளீட்டில் இணைத்தால் இன்னும் சுருங்கும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் சென்சாரின் விளிம்பை நெருங்க வேண்டும், இல்லாவிட்டால் பேக்லாஷும் (திசை மாறும்போது வரும் தளர்வு) சென்சாரின் ஹிஸ்டெரிசிஸும் (தூண்டும் இடமும் விடும் இடமும் வேறாக இருப்பது) சேர்ந்துகொள்ளும்.

*சரியாக 0.1 மி.மீ. தாவினால்:* டிரைவரின் டைமிங் சிக்னலைச் சென்சாரோடு சேர்த்து ஹோம் எடுக்கும் அமைப்புகளில் இது வரும். அந்தச் சிக்னல் 7.2°-க்கு ஒரு முறை, அதாவது இங்கே 0.1 மி.மீ.க்கு ஒரு முறை. சென்சார் விளிம்பு அதன்மீதே விழுந்தால் ஒருநாள் இதைப் பிடிக்கும், மறுநாள் அடுத்ததை. *சரியாக 5 மி.மீ. தாவினால்* அதே கதை, என்கோடரின் இசட் சிக்னலோடு, சுற்றுக்கு ஒன்று. எந்த உதிரியும் கெடவில்லை. டாக் தகட்டை முதல் வகைக்கு 0.05 மி.மீ., இரண்டாம் வகைக்கு 2.5 மி.மீ. நகர்த்துங்கள். 0.05-ஐக் கையால் நகர்த்துவது சிரமம். கப்ளிங்கைத் தளர்த்தி மோட்டார் ஷாஃப்ட்டை 3.6° திருப்பி இறுக்குவது எளிது.

*காலையில் ஓர் இடம், மதியம் ஓர் இடம், நடுவில் மெல்ல நகர்வு என்றால்* வெப்பம். எஃகு மீட்டருக்கு ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.0115 மி.மீ. நீளும், 300 மி.மீ. ஸ்க்ரூ 10 பாகை சூடானால் 0.035 மி.மீ. நீளும். இண்டக்டிவ் சென்சாரின் தூரமும் வெப்பத்தில் மாறும். இயந்திரம் சூடான பிறகு ஒரு முறை கூடுதலாக ஹோம் எடுங்கள். அதற்கும் மேல் துல்லியம் வேண்டுமென்றால் ஸ்லாட் சென்சாருக்கு மாறுங்கள்.

*எந்தக் கணக்கிலும் அடங்காமல் தாவினால்* சென்சார் பிடிமானத்தையும் டாக் திருகையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

அறிகுறி 7: ஹோம் சரி, ஓட்டத்தில் நிலை விலகுகிறது

கப்ளிங்கிலும் ஷாஃப்ட்டிலும் சேர்த்து ஒரு நேர்கோடு பெயிண்ட் மார்க்கரால் போடுங்கள், பெல்ட் புல்லியிலும். கோடு உடைந்தால் க்ரப் ஸ்க்ரூ வழுக்குகிறது. கோடு உடையாமல், பிழை 0.1, 0.2, 0.3 என்று மடங்குகளில் இருந்தால் மோட்டார் ஸ்டெப் தவறுகிறது: ரோட்டர் பிடியை இழந்து மறுபடி பூட்டும்போது நான்கு முழு ஸ்டெப்பின் மடங்கில்தான் பூட்டும். மடங்கில் அடங்காமல், ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரே பக்கம் சிறிது சிறிதாகச் சேர்ந்தால் பல்ஸ் தொலைகிறது. டைரக்ஷன் மாறியதும் உடனே பல்ஸ் வருகிறதா பாருங்கள். பல டிரைவர்களுக்கு நடுவே 5 மைக்ரோவினாடியாவது வேண்டும்.

ஸ்டெப் தவறினால் செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள். முடுக்கத்தைப் பாதியாக்குங்கள். லினியர் கைடில் கிரீஸ் காய்ந்திருக்கிறதா, கையால் தள்ளினால் ஓரிடத்தில் இறுகுகிறதா பாருங்கள். அடுத்தது டிப் சுவிட்ச்: அட்டவணை உச்ச கரண்ட்டைச் சொல்கிறதா, ஆர்எம்எஸ் (பயனுறு) அளவையா? மோட்டார் 3 ஆம்பியர் ஆர்எம்எஸ் என்றால் உச்சம் 4.2, உச்ச அட்டவணையில் 3-ஐத் தேர்ந்தெடுத்தால் முறுக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டப் போய்விடும். கடைசியாக சப்ளை வோல்டேஜ், அதற்கும் பிறகே பெரிய மோட்டார்.

எங்கே நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும்

பேனலுக்குள் 24 வோல்ட் பக்கம் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் செய்யலாம். கட்டடத்தின் 230 வோல்ட், 400 வோல்ட் இணைப்பு, ஐசொலேட்டர், எர்த் ஆகியவற்றைத் தொட எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியர் வேண்டும். அவசர நிறுத்தம், கதவு இன்டர்லாக், சேஃப்டி ரிலே ஆகியவற்றின் வயர் சோதனையில் குறுக்கிட்டால், சோதனைக்காகக்கூட அதை ஷார்ட் செய்யாமல் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். செங்குத்து அச்சின் பிரேக் பிடிக்கவில்லை என்றால் மின்சாரத்தை அணைத்துப் பூட்டிவிட்டு இயந்திரத் தயாரிப்பாளரை அழையுங்கள். மாற்றிய டிரைவரும் அதே இடத்தில் எரிந்தால் மூன்றாவதைப் போடாதீர்கள். மோட்டார் காயிலிலிருந்து உடலுக்கு இன்சுலேஷன் சோதனை செய்யக்கூடியவர் வர வேண்டும்.

அவர் வரும்போது கையில் இருக்க வேண்டியவை: டிப் சுவிட்ச் படம், மோட்டார், டிரைவர், சென்சார் மாடல் எண்கள், சுற்றுக்கு எத்தனை பல்ஸ், லீட், கிரீப் வேகம், டயலில் எழுதிய பத்து எண்கள்.